‘கேட்க வேண்டும்’ என்பதன் இரு பொருள்கள்: காவல்துறையின் ஏற்புடைமையை அளக்கும் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காவல்துறை மக்களிடம் நியாயமாக நடந்துகொள்கிறதா, அதன் அதிகாரத்தை மக்கள் உரிமையுடையதாக ஏற்கிறார்களா என்னும் இரு வினாக்களையும் இணைத்து ஆராயும் போக்கு 1990 முதல் சமூக அறிவியலில் வலுப்பெற்று வந்துள்ளது. டாம் டைலரின் நடைமுறை நீதிக் கோட்பாடு இப்போக்கின் மையமாக உள்ளது. இக்கோட்பாட்டின் வழிவந்த வினாநிரல்களில், காவலரின் ஆணைக்குக் கீழ்ப்படியும் கடப்பாட்டுணர்வு ஏற்புடைமையின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. அச்சத்தால் விளையும் இணக்கத்தையும் ஒப்புதலால் விளையும் இணக்கத்தையும் இவ்வளவுகோல் பிரித்தறியத் தவறுகிறது என்பதையும், தமிழில் பெயர்க்கப்படும்போது இக்குறை மேலும் பெரிதாகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கீழ்ப்படிவதற்கு மாறாக, வினவ இயலுவதையே ஏற்புடைமையின் முதல் அடையாளமாகக் கொள்ளலாம் என இக்கட்டுரை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: நடைமுறை நீதி, ஏற்புடைமை, காவல்துறை, கீழ்ப்படிதல், வினாநிரல், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழில் ‘ஆய்வாளர்’ என்னும் சொல் இருவரைக் குறிக்கும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவரும் ஆய்வாளர். காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியும் ஆய்வாளர். காவல்துறை பற்றி மக்களின் கருத்தைக் கேட்கச் செல்லும் ஒருவர் தம்மை ஆய்வாளர் என அறிமுகப்படுத்திக்கொள்ளும் கணத்திலேயே எதிரிலிருப்பவரின் முகம் மாறக்கூடும். ‘எந்த டிபார்ட்மென்ட்?’ என்ற கேள்வி எழும்போது, ‘அரசியல் அறிவியல் துறை’ என்று விடை சொல்வதால் மட்டும் ஐயம் நீங்கிவிடுவதில்லை. அளவீடு தொடங்குவதற்கு முன்பே, அளக்கப்பட வேண்டிய பொருள் அறைக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது.

இதனை வேடிக்கையாகக் கருதிக் கடந்துவிட முடியாது. காவல்துறையின் ஏற்புடைமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மக்கள் தரும் விடைகளையே தரவாகக் கொள்கின்றன. அவ்விடை எந்தச் சூழலில், எந்தச் சொற்களில், எந்த மனநிலையில் தரப்படுகிறது என்பதை ஆராயாமல் எண்களாக மாற்றினால், ஆய்வு தன் நோக்கத்திற்கு நேர்மாறான பயனைத் தந்துவிடக்கூடும். அஞ்சி ஒடுங்கியிருக்கும் ஒரு மக்கள்திரளை, காவல்துறையை மனமார ஏற்றுக்கொண்ட மக்கள்திரளாக அது காட்டிவிடும்.

இங்கு கலைச்சொற்கள் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஓர் அதிகாரம் சட்டப்படி அமைந்தது என்பதை மட்டும் ‘சட்டபூர்வத்தன்மை’ என்னும் சொல் குறிக்கும். அவ்வதிகாரம் தம்மை ஆளும் உரிமையுடையது என மக்கள் கருதுவதையும், அவ்வாறு கருதத் தக்க தகுதி அதற்கு இருப்பதையும் சேர்த்துக் குறிக்க ‘ஏற்புடைமை’ என்னும் சொல் இக்கட்டுரையில் பயன்படுத்தப்படுகிறது. முடிவு எதுவாயினும் அம்முடிவை எட்டிய வழி நியாயமானதா என்பது ‘நடைமுறை நீதி’ எனப்படுகிறது.

டைலரின் ஆய்வும் அதன் அளவுகோலும்

நடைமுறை நீதி என்னும் கருத்தாக்கத்தை ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் ஆகிய இருவரும் 1975இல் வெளியிட்ட நூலில் உளவியல் நோக்கில் வளர்த்தெடுத்தனர். நீதிமன்ற வழக்காடலை ஒட்டிய சோதனைகளே அவர்களுக்கு அடிப்படையாக இருந்தன. அதனைக் காவல்துறைக்கும் அன்றாடச் சட்ட ஒழுக்கத்திற்கும் விரித்தவர் டைலர். 1984இல் சிகாகோ நகரில் 1,575 பேரிடம் தொலைபேசி வழியாக நடத்தப்பட்ட நேர்காணலும், அவர்களுள் 804 பேரிடம் ஓராண்டுக்குப் பின் நடத்தப்பட்ட மறுநேர்காணலும் அவரது தரவுகள். ‘மக்கள் ஏன் சட்டத்திற்குக் கீழ்ப்படிகிறார்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அவரது நூல் 1990இல் வெளிவந்தது.

அந்நூலின் வாதம் எளிமையும் ஆற்றலும் உடையது. தண்டனைக்கு அஞ்சியே மக்கள் சட்டத்தைப் பின்பற்றுகிறார்கள் என்ற பழைய கருத்தை அது மறுத்தது. அதிகாரத்தை உரிமையுடையதாகக் கருதுவோர், பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடாமலே சட்டத்தைப் பின்பற்றுகின்றனர். அவ்வாறு கருதுவதற்குக் காரணம், தமக்குச் சாதகமான முடிவு கிடைத்ததைவிட, தாம் நடத்தப்பட்ட முறையே. பிற்கால ஆய்வுகள் இம்முறையை நான்கு கூறுகளாகப் பகுத்தன: தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலை, மரியாதை, நல்நோக்கம் உண்டு என்னும் நம்பிக்கை. தண்டனையைக் கூட்டுவதே ஒழுங்கிற்கு வழி என்று பேசப்பட்ட காலத்தில் இம்முடிவு காவல்துறைச் சீர்திருத்தத்திற்கு ஒரு புதிய மொழியைத் தந்தது. பெர்குசன் நிகழ்வுகளை அடுத்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த 21ஆம் நூற்றாண்டுக் காவல்பணிக்கான பணிக்குழு, 2015ஆம் ஆண்டு அறிக்கையில் நம்பிக்கையையும் ஏற்புடைமையையும் கட்டியெழுப்புவதையே தன் முதல் தூணாக வைத்தது. ஓர் ஆய்வின் அளவுகோல் கொள்கையாக மாறும் தொலைவு எவ்வளவு குறைவு என்பதற்கு இது சான்று.

சிக்கல் அளவுகோலில்தான் உள்ளது. டைலர் ஏற்புடைமையை இரு கூறுகளாக அளந்தார். ஒன்று, காவல்துறை முதலிய நிறுவனங்கள்பால் உள்ள ஆதரவு. மற்றொன்று, கீழ்ப்படியும் கடப்பாட்டுணர்வு. தவறு என்று தோன்றினாலும் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது போன்ற கூற்றுகளுக்கு ஒருவர் எவ்வளவு உடன்படுகிறார் என்பதே இரண்டாவதன் அளவு. உடன்பாடு மிகுந்தால் ஏற்புடைமையும் மிகுதி எனக் கொள்ளப்படும். இத்தகைய உடன்பாடு எதிலிருந்து பிறந்தது என்பதை அக்கூற்று கேட்பதில்லை.

இக்குறையைப் பலர் சுட்டியுள்ளனர். ஆளப்படுவோரின் நம்பிக்கையே ஏற்புடைமை என்னும் மாக்ஸ் வெபரின் மரபை டேவிட் பீத்தம் 1991ஆம் ஆண்டு நூலில் மறுத்தார். மக்கள் நம்புவதால் மட்டும் ஓர் அதிகாரம் ஏற்புடையதாகிவிடாது. மக்கள் கொண்டுள்ள விழுமியங்களின் அடிப்படையில் அது நியாயப்படுத்தப்படத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆந்தனி பாட்டம்ஸும் ஜஸ்டிஸ் டாங்கெபியும் 2012இல் எழுதிய கட்டுரையில், ஏற்புடைமை என்பது அதிகாரம் உடையோருக்கும் அதற்கு உட்பட்டோருக்கும் இடையே ஓயாமல் நிகழும் உரையாடல் என்றனர். அதிகாரம் ஓர் உரிமைக்கோரலை முன்வைக்கிறது; மக்கள் மறுமொழி தருகின்றனர்; அதற்கேற்ப அதிகாரம் தன் கோரலைத் திருத்திக்கொள்கிறது. கீழ்ப்படியும் கடப்பாட்டுணர்வு இவ்வுரையாடலின் விளைவாகவும் இருக்கலாம். அச்சத்தின், கையறுநிலையின் விளைவாகவும் இருக்கலாம்.

இடம் மாறும்போது முடிவும் மாறுதல்

கோட்பாட்டைக் களத்தில் சோதித்த முயற்சிகள் இவ்விவாதத்திற்கு வலுச்சேர்க்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லோரைன் மசெரோலும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனை புகழ்பெற்றது. சாலையில் வாகனங்களை நிறுத்தி மது அருந்தியுள்ளனரா எனப் பார்க்கும் 60 நடவடிக்கைகள் இரு சமப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியில் வழக்கமான சோதனை நடந்தது. மற்றதில், வாகனம் குறிப்பின்றித் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதையும் சோதனையின் நோக்கத்தையும் காவலர்கள் விளக்கி, கருத்துக் கேட்டு, நன்றி கூறினர். இரண்டாம் பகுதியினர் காவல்துறை குறித்து மேம்பட்ட கருத்தைத் தெரிவித்தனர்.

ஸ்காட்லாந்தில் 2013–14 பனிக்காலச் சாலைப் பாதுகாப்பு இயக்கத்தின்போது சாரா மக்வீனும் பென் பிராட்ஃபோர்டும் இதே வகைச் சோதனையை நடத்தினர். அங்கு எதிர்பார்த்த முன்னேற்றம் கிட்டவில்லை. சில அளவுகளில் மக்களின் கருத்து சரிந்தது. இதன் காரணத்தைத் தேடிய அவர்கள் காவல்துறையின் உள்ளே பார்வையைத் திருப்பினர். எட்டுப் பிராந்தியக் காவல் படைகள் 2013 ஏப்ரலில் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டிருந்த காலம் அது. தங்களிடம் விளக்காமல், தங்கள் கருத்தைக் கேளாமல் மேலிருந்து வந்த இன்னோர் ஆணையாகவே கீழ்நிலைக் காவலர்கள் இச்சோதனையை உணர்ந்தனர். தாம் பெறாத நியாயத்தைப் பிறர்க்கு வழங்குமாறு கூறப்பட்டவர்கள் அதனைச் சடங்காகச் செய்ததில் வியப்பில்லை.

கானாவின் அக்ரா நகரில் டாங்கெபி செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு திசையைக் காட்டியது. அங்குக் காவல்துறையுடன் ஒத்துழைக்கும் விருப்பம் நடைமுறை நியாயத்தைவிடக் காவல்துறையின் செயல்திறனையே சார்ந்திருந்தது. குடியேற்ற ஆட்சியின் கருவியாகப் பிறந்த ஒரு காவல்துறைக்கும் மக்களுக்கும் உள்ள உறவு, சிகாகோவில் உள்ள உறவாக இருக்க முடியாது என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். லாகூரில் ஜோனதன் ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஊழலைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுடன், வேறு வழியின்மையால் விளையும் சோர்ந்த இணக்கத்தை ஏற்புடைமையிலிருந்து வேறுபடுத்திப் பேச முயன்றது.

தமிழில் பெயர்க்கும்போது

இத்தகைய வினாநிரலைத் தமிழ்நாட்டில் பயன்படுத்த விரும்பும் ஆய்வாளர் முதலில் அதனைத் தமிழாக்க வேண்டும். குறை எவ்வளவு ஆழமானது என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

கீழ்ப்படிதல், கட்டுப்படுதல், பணிதல், அடங்குதல் ஆகிய நான்கும் ஆங்கில மூலத்தின் ஒரே வினைக்கு ஈடாக வரத்தக்கவை, நான்கும் ஒன்றல்ல. கட்டுப்படுதலில் ஒரு பொது விதியை இருதரப்பும் ஏற்கும் குறிப்பு உண்டு. ஊர்க் கட்டுப்பாடு என்பதில் அது விளங்கும். பணிதலில் மேல்–கீழ் உறவு வெளிப்படை. அடங்குதலில் எதிர்ப்பு முன்பு இருந்து பின் ஒடுக்கப்பட்டது என்ற பொருள் தொக்கி நிற்கும். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அந்தத் தேர்வு விடையின் ஒரு பகுதியை முன்கூட்டியே எழுதிவிடுகிறது.

இவற்றைத் தவிர்த்துப் பேச்சு வழக்கை நாடினால், ‘காவலர் சொல்வதைக் கேட்க வேண்டும்’ என்னும் தொடர் இயல்பாக வரும். கேட்டல் என்னும் வினை தமிழில் செவிமடுத்தலையும், சொன்னபடி நடத்தலையும், வினவுதலையும் ஒருங்கே குறிக்கிறது. காவலர் சொல்வதைக் கேட்பது கீழ்ப்படிதல். காவலரிடம் கேட்பது வினவுதல். நம் தரப்பைக் காவலர் கேட்பது நடைமுறை நீதியின் முதற்கூறு. ஒரே வினை, வேற்றுமை உருபும் எழுவாயும் மாறும்போது அதிகார உறவின் மூன்று நிலைகளைச் சுட்டுகிறது. நியாயமான காவல்பணி என்பது இம்மூன்றும் ஒருங்கே நிகழும் நிலை எனலாம். டைலரின் வழிவந்த வினாநிரல் முதலாவதையும் மூன்றாவதையும் அளக்கிறது, இரண்டாவதை விட்டுவிடுகிறது.

‘வேண்டும்’ என்பதும் இருபொருள் உடையது. அறக் கடமையையும் அது உணர்த்தும்; தவிர்க்கவியலாக் கட்டாயத்தையும் உணர்த்தும். கட்டாயத்தை உணர்த்தப் பேச்சுத் தமிழ் இடைச்சொற்களையும் துணைவினையையும் சேர்த்துக்கொள்கிறது. ‘போலீஸ் சொன்னா கேக்கணும்’ என்பதும் ‘போலீஸ் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்’ என்பதும் பொருளால் வெகுதொலைவு விலகியவை. முன்னதில் ஒப்புதல் இருக்கலாம். பின்னதில் உள்ள ‘தானே’, ‘ஆகணும்’ ஆகிய இரண்டும் சேர்ந்து, வேறு வழியில்லை என்று சொல்கின்றன. களப்பணியாளரின் தாளில் இரண்டுமே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்னும் ஒரே கட்டத்தில்தான் குறிக்கப்படும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும். ஓர் இடைச்சொல்லில் அடங்கிய அச்சம் அட்டவணையில் ஏற்புடைமையாக உருமாறும்.

காவல்துறையுடன் தொடர்பு உண்டா என்ற வினாவும் இத்தகையதே. போலீஸ் ஸ்டேஷன் வாசலையோ கோர்ட் வாசலையோ மிதித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. வினாநிரல் இதனைத் தொடர்பின்மை என்று மட்டுமே பதிவு செய்யும். காவல் நிலையத்திற்குச் செல்ல நேர்வதே மானக்கேடு என்று கருதப்படும் ஒரு சமூகத்தில், செல்லாதிருப்பது தற்செயல் அல்ல. காவல்துறை பற்றிய தீர்ப்பு அது.

சட்டத்திலேயே உள்ள ஐயம்

மக்கள் ஏன் இவ்வாறு கருதுகின்றனர் என்பதற்கு உளவியலைவிட வரலாறு தெளிவான விடை தரும். சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிலும் காவல்பணியிலும் சித்திரவதை பயன்படுவது குறித்து விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே அலுவலர்களின் கையில் இருந்த காலம் அது. வரி கட்டப்பட்டது, ஆணைகள் நிறைவேற்றப்பட்டன. இணக்கத்தை மட்டும் அளந்திருந்தால் அவ்வாட்சி மிகுந்த ஏற்புடைமை உடையதாகவே தோன்றியிருக்கும். ஆணையத்தின் முன் குவிந்த முறையீடுகளே உண்மையை வெளிப்படுத்தின. இவ்வறிக்கையின் பின்னணியில்தான் 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் இயற்றப்பட்டு வருவாய்த் துறையிலிருந்து காவல்துறை பிரிக்கப்பட்டது.

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்றது. காவலரிடம் அளிக்கும் வாக்குமூலம் எழுதப்பட்டால் அதில் கூறியவர் கையொப்பமிடக் கூடாது என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இவ்விதிகள் தொடர்கின்றன. கைது குறித்த குறிப்பாணையில் குடும்பத்தினரோ அப்பகுதிப் பெரியவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் 2013இல் அரசியல் சாசன அமர்வு கூற வேண்டியிருந்தது. புகார் கொடுத்தவர் மனு ரசீதுடன் திருப்பி அனுப்பப்படுவதும், காவல் நிலையத்திலேயே கட்டப் பஞ்சாயத்து நடப்பதும் அறியாதவர் அல்லர் இவ்விதழின் வாசகர்.

காவல்துறையை முழுமையாக நம்ப வேண்டாம் என்று சட்டமே நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லி வரும் நாட்டில், காவலர் சொல்வது தவறென்று தோன்றினாலும் கீழ்ப்படிய வேண்டும் என்ற கூற்றுக்கு உடன்படுவதை நற்குடிமையின் அடையாளமாகக் கொள்வது பொருந்துமா? சட்டத்தை அறிந்த குடிமகன் அக்கூற்றை மறுத்தால் அவருடைய மதிப்பெண் குறையும். சட்டத்தை அறியாமல் அஞ்சுபவரின் மதிப்பெண் கூடும். அளவுகோல் தலைகீழாக நிற்கிறது.

நடைமுறை நீதியை மரியாதையான பேச்சாகச் சுருக்கிக்கொள்வதன் ஆபத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேர விதிமீறல் என்ற பெயரில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டுப் பின் நீதிமன்றக் காவலில் இறந்தனர். இடையில் கைதும் காவலடைப்பும் தாளில் உரிய படிகளைக் கடந்தே சென்றிருந்தன. அங்குத் தவறியது காவலரின் பேச்சு நயம் மட்டும் அன்று. ஏன் என்று கேட்கத் தக்க இடங்களில் இருந்த எவரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை. பின்னர் உண்மை வெளிவருவதற்கு, அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் அளித்த சாட்சியம் துணைநின்றது. ஸ்காட்லாந்து ஆய்வு எழுப்பிய வினா இங்கும் எழுகிறது: காவல்துறைக்குள் ஒருவர் வினவ இயலுமா?

வினவ இயலுவதை அளத்தல்

இக்கட்டுரையின் முன்மொழிவு இதுவே: காவலருக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்று கேட்பதை விடுத்து, காவலரிடம் கேட்க முடிந்ததா என்று கேட்கலாம். சட்டம் தந்துள்ள ஒவ்வோர் உரிமையும் இதற்கு ஒரு வினாவைத் தருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி, அதைக் கேட்டீர்களா? கேட்கவில்லையெனில், தெரியாததாலா, கேட்டால் என்ன ஆகுமோ என்ற எண்ணத்தாலா? சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவர் வசிப்பிடத்திற்கு வெளியே வரவழைக்கலாகாது என்பது விதி. நிலையத்திற்கு வரச்சொன்னபோது மறுக்க முடிந்ததா? உட்காரச் சொன்னார்களா என்பதோடு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லும் துணிவு இருந்ததா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

இவ்வினாக்கள் மனப்பான்மையை விட்டு நிகழ்ந்ததைக் கேட்பவை. சாதி, பாலினம், வருவாய் ஆகியவற்றால் விடைகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இவை நேரடியாகக் காட்டும். ஒரு தெருவில் வசிப்போர் நகல் கேட்கவும் அடுத்த தெருவில் வசிப்போர் கேட்க அஞ்சவும் செய்தால், அவ்விடைவெளியே ஏற்புடைமையின் உண்மை அளவு. விடைகளைக் கட்டங்களில் மட்டும் குறிக்காமல் பேசியபடியே பதிவு செய்வதும் இன்றியமையாதது. ‘தானே’ என்னும் இடைச்சொல் அப்போதுதான் ஆய்வுக்குள் நுழையும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்றைக் கருத வேண்டும். டைலரின் மரபில் வந்தவர்களே இக்குறையை உணர்ந்து திருத்தி வருகின்றனர். மனமுவந்த கடப்பாட்டையும் கையறுநிலைக் கடப்பாட்டையும் பிரித்து அளக்கும் முயற்சி, ஸ்காட்லாந்துத் தரவுகளைக் கொண்டே 2021இல் வெளிவந்த கட்டுரையில் மேற்கொள்ளப்பட்டது. இந்தியாவில் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி–சி.எஸ்.டி.எஸ். அமைப்பும் இணைந்து 22 மாநிலங்களில் நடத்தி 2018இல் வெளியிட்ட காவல்பணி நிலை அறிக்கை, நம்பிக்கையையும் அச்சத்தையும் தனித்தனியே ஆராய்ந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இப்பிரிப்பு பகுப்பாய்வுக் கட்டத்தில் மட்டும் நிகழ்ந்தால் போதாது. வினா எழுதப்படும் மொழியிலேயே அது தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமுறை பிரிக்கப்பட்டது தமிழில் மீண்டும் ஒன்றாகிவிடக்கூடும் என்பதை மேலே கண்டோம்.

முடிவுரை

டைலரின் பங்களிப்பை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. மக்கள் தண்டனைக்கு அஞ்சும் கணக்காளர்கள் மட்டும் அல்லர், தம்மை நடத்தும் முறையைக் கூர்ந்து நோக்குபவர்கள் என்ற அவரது முடிவு இன்றும் மதிப்புடையது. ஆனால் ஒப்புதலும் அச்சமும் ஒரே விடையைத் தரும் இடங்களில் அவரது அளவுகோல் அச்சத்தை ஒப்புதலாக எழுதிவிடும். அவ்வாறு எழுதப்பட்ட அட்டவணை ஆய்வேட்டில் உறங்குவதில்லை. காவல்துறை மீது மக்களுக்குக் குறையில்லை என்பதற்குச் சான்றாக அது எடுத்தாளப்படும்.

தமிழில் ‘முறை’ என்பது ஒழுங்கையும் நீதியையும் குறிக்கும். அச்சொல்லிலிருந்தே முறையிடுதலும் பிறந்தது. இலங்கைத் தமிழில் காவல் நிலையத்தில் அளிப்பது இன்றும் முறைப்பாடு எனவே வழங்குகிறது. முறையிட இயலாத இடத்தில் முறை இல்லை என்பதை இச்சொல்லுறவு உணர்த்துகிறது. காவல்துறையின் ஏற்புடைமையை ஆராயப் புகுவோர் மக்கள் எவ்வளவு கீழ்ப்படிகிறார்கள் என்பதை எண்ணுவதற்கு முன், யார் முறையிட முடிந்தது, யார் வாசலோடு திரும்பினர் என்பதை எண்ண வேண்டும்.